புண் இல்லாத வார்டு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. அண்ணனின் இடது கையில் ஏதாவது அசைவு தெரிகிறதா? பக்கவாதம் வந்து நாளான பிறகும் சிலருக்கு விரல்கள் திரும்புவது உண்டு என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னார்.

அண்ணி, உங்கள் வார்டில் ஆய்வு நடத்த அனுமதி வந்துவிட்டது! எங்கள் கல்லூரியின் மூத்த பேராசிரியர், "கிராமத்து ஆஸ்பத்திரி நர்ஸுங்களுக்கு ஊசி போடவே நேரம் கிடையாது, இதுல ஆய்வு வேற பண்ணப்போறாங்களாக்கும்" என்று சிரித்தார். நானும் பல்லைக் காட்டி வைத்தேன். டாக்டர்கள் எழுதுகிற கட்டுரையின் கடைசி வரியில் நன்றி வாங்கிக்கொண்டு நிற்பது போதும், நர்ஸ்கள் தங்கள் கேள்விக்குத் தாங்களே விடை தேடட்டும் என்றுதானே இந்த ஆய்வுப் பயிற்சியையே தொடங்கினேன். போன மாதம் உங்கள் வார்டில் வகுப்பு எடுத்தபோது, "உங்களுக்கு என்ன கேள்வி இருக்கு?" என்று கேட்டேன். ஓட்டமும் நடையுமாகவே திரியும் நம் ராக்கெட் சிஸ்டர் எழுந்து, "ஒரே கேள்விதான் மேடம். எங்களுக்கு இன்னொரு ஆள் எப்பத் தருவாங்க?" என்றார். அதுதான் நம் ஆய்வு.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை அடிக்கடி திருப்பிவிட ஆள் இல்லையென்றால் படுக்கைப் புண் வரும். ஆள் குறைகிற ஷிப்டில் புண் கூடுகிறது என்று நாம் காட்டிவிட்டால் மேலிடம் தட்டிக்கழிக்க முடியாது. சின்ன சிஸ்டரின் தற்காலிக வேலை நிரந்தரமாகும், இன்னொருவரும் வருவார். நாலு மாதத்துக்கு ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொரு நோயாளியின் முதுகு, இடுப்பு, குதிகால் பார்த்துத் தாளில் குறியுங்கள். எத்தனை நர்ஸ் என்பதற்கு டூட்டி சார்ட்டில் இருப்பதை அப்படியே எழுதினால் போதும்.

என் முனைவர் பட்டமும் இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்காக அவசரப்பட வேண்டாம். (பொய். அவசரம்தான்.) உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

ஜனவரி 27

வாத்தியாரம்மாவுக்கு அண்ணி எழுதுவது.

இங்கே இருவரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே குடித்தனம் நடத்துகிறாயா? உன் அண்ணனின் கை அப்படியேதான் இருக்கிறது. இரண்டு ஆளுக்குச் சேர்த்து வாய் அசைகிறது. போனில் பேசலாம் என்றால் ஆஸ்பத்திரிக்கே ஒரு போன், அதுவும் பெரிய டாக்டர் மேசைமேல். நாம் பேசினால் அவர் காதும் சேர்ந்து பேசும். கடிதமே மேல்.

உன் தாள்கள் வந்துசேர்ந்தன. அன்றைக்கு வார்டில் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துவிட்டு, "இத்தனை வருஷமா டாக்டர் சொன்னதைக் குறிச்சோம். இப்பதான் நாம பார்த்ததைக் குறிக்கப்போறோம்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். சளி என்று சொல்லிக்கொண்டாள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். முறிந்த இடுப்பு, எழுந்திருக்க முடியாது. வாரத் தொடக்கத்தில் அவர் இடுப்பில் லேசாகச் சிவந்திருந்தது. சின்ன சிஸ்டர் விளையாட்டாக, "குறிச்சுட்டுப் போயிடலாமா சிஸ்டர்? புண்ணு வந்தாத்தானே நமக்கு ஆள் வரும்?" என்று கேட்டாள். நான் முறைத்தேன். அவளுக்கே முகம் செத்துவிட்டது. ராக்கெட் டூட்டி முடிந்தும் கொஞ்சம் இருந்து அவரைத் திருப்பித் திருப்பி விட்டுப் போனாள். மறுநாள் சிவப்பு மறைந்துவிட்டது. தாளில் 'புண் இல்லை' என்று எழுதினோம்.

உன் அண்ணன் சொல்லச் சொன்னது: "டாக்டர் பட்டம் வாங்கினதும் எனக்கு இலவசமா ஊசி போடணும்." அது அந்த டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை. நீ நன்றாக இரு.

அண்ணி

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமே நாடுகிறேன். அண்ணனுக்கு என் அன்பு. ஊசி இலவசம்தான், வலிக்கு மட்டும் தனிக் கட்டணம் என்று சொல்லுங்கள்.

முதல் கட்டுத் தாள்கள் கிடைத்தன. எவ்வளவு ஒழுங்கு! ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை. வகுப்பில் இங்கே படிக்கிற பிள்ளைகளிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? சார்ட்டில் ஒரே ஒரு நர்ஸ் என்று இருக்கிற ஷிப்டிலும் யாருக்கும் புண் இல்லை. அத்தனை பேரை ஒருத்தர் எப்படிப் பார்த்தார்? எல்லாரையும் போர்வை விலக்கிப் பார்த்துத்தான் எழுதுகிறார்களா? ஆய்வு என்றால் சந்தேகப்படுவதும் வேலை, அதனால்தான்.

குளிர் அதிகம் என்று எழுதியிருந்தார் ராக்கெட் சிஸ்டர். அண்ணன் கால்களை மூடிவையுங்கள்.

அன்புடன்,
நாத்தனார்

மார்ச் 16

வாத்தியாரம்மாவுக்கு,

நாங்கள் சௌக்கியம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதம். தாமதத்துக்குக் காரணம் வேலை பாதி, உன்மேல் வந்த கோபம் பாதி.

பார்க்காமல் எழுதுகிறவர்களா நாங்கள்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறோம். "பார்த்தாச்சு" என்று ஒருத்தி சொன்னால், நான் போய்ப் போர்வையை விலக்கி இன்னொரு முறை பார்க்கிறேன். வார்டில் ஒரு முதுகில்கூடப் புண் இல்லை. இது சத்தியம். ஒருத்தர் எப்படிப் பார்த்தார் என்று கேட்கிறாய். எப்படியோ பார்த்தோம். அது எங்கள் பாடு. நீ கேட்டது புண் இருக்கிறதா என்றுதான், அதற்குப் பதில் எழுதியாயிற்று.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. நான் இல்லாத நேரத்தில் எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து உன் அண்ணனைத் திருப்பிவிட்டுப் போகிறார். பாவம், தலைக்குமேல் தைக்கிற வேலை அவருக்கு. எனக்குத்தான் வாசல் தாண்டும்போது மனசு கேட்பதில்லை. இவர் விடுவாரா? "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்க. நான்தான் உன் பிள்ளை. தானே வளந்துக்கிறேன், நீ கிளம்பு" என்கிறார். ஐம்பது வயதுப் பிள்ளை!

காய்ச்சல் சீசன். வெந்நீர் குடி.

அண்ணி

மே 2

அன்பு வாலு,

உன் அண்ணன் எழுதுவது. கோழி கிளறியது போல இருந்தாலும் வலது கையால் நானே எழுதியது. நான் ராஜா மாதிரி இருக்கிறேன். படுத்தபடியே சாப்பாடு, படுத்தபடியே உலக விசாரம்.

உன் அண்ணிக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். தையல்காரம்மாதான் தபாலில் போடப்போகிறார். அவள் லீவு நாளிலும் வார்டுக்கு ஓடுகிறாள். டூட்டி முடிந்தும் வருவதில்லை. அவள் மட்டும் இல்லை, நாலு பேரும் அப்படித்தானாம். வீட்டுக்கு வந்தால் எனக்குக் கஞ்சி கொடுத்து, சட்டையை மாற்றி, உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாள். ஏன் இப்படி என்றால், "உங்க தங்கச்சி படிப்பு. எங்க வார்டு மானம்" என்கிறாள். திட்டாதே. அவளைக் கொஞ்சம் மெச்சி ஒரு வரி எழுது, அது போதும். உன்னால்தான் அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருக்கிறது.

எனக்கு ஒரு குறையும் இல்லை. நான்தான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோனவன், ஞாபகம் இருக்கட்டும். பட்டம் வாங்கும் போட்டோவை முதலில் எனக்கு அனுப்பு.

அண்ணன்

ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

நலமா? நான் நலம், நலத்துக்கும் மேலே. நாலு மாதமாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். மூச்சு விட நேரமில்லை.

ஆய்வை முடித்து மாநாட்டில் படித்துவிட்டேன். கிராமத்து நர்ஸ்கள் தாங்களே எண்ணி, தாங்களே குறித்த ஆய்வு என்றதும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிரித்தாரே, அந்தப் பேராசிரியரும்தான். நீங்கள் நாலு பேரும்தான் கட்டுரையின் ஆசிரியர்கள், நன்றி வரியில் இல்லை. நாம் நினைத்தது போல ஆள் குறைந்த ஷிப்டில் புண் கூடவில்லை என்பது உண்மை. வந்ததைத்தானே எழுத முடியும்? 'பணியாளர் எண்ணிக்கைக்கும் படுக்கைப் புண்ணுக்கும் தொடர்பு காணப்படவில்லை. செவிலியரின் அர்ப்பணிப்பு குறிப்பிடத்தக்கது' என்று எழுதினேன். மேலிடத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்குவதே பெரிய விஷயம். நல்லது நடக்கும்.

அண்ணா, உன் கடிதம் கிடைத்தது. அண்ணியை மெச்சுகிறேன், ஒரு வரி என்ன, ஒன்பது வரி மெச்சுகிறேன். இனி அவர் ஓட வேண்டாம். உன் பக்கத்தில் உட்காரட்டும்.

அன்புடன்,
வாலு

ஜூலை 30

வாத்தியாரம்மாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் அண்ணனுக்குக் காய்ச்சல். பெரிய டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். வார்டில்தான் படுக்கவைத்திருக்கிறேன், தபால்காரருக்குப் பக்கத்துக் கட்டில்.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பெரிய டாக்டர் எங்களை நிற்கவைத்துப் படித்தார். 'தற்போதுள்ளதைவிடக் குறைந்த பணியாளர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் பாதிப்பின்றிப் பணியாற்ற இயலும் என மேற்படி செவிலியர்களின் ஆய்வே நிறுவியுள்ளதால், தற்காலிகப் பணியிடம் தேவையற்றதாகிறது.' சின்ன சிஸ்டர் அன்றே பெட்டியைக் கட்டினாள். அழுதுகொண்டே என் காலில் விழப்போனாள். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. "புண்ணு வரட்டும்னு சொன்னப்போ என்னை முறைச்சீங்களே சிஸ்டர்" என்றாள்.

நாங்கள் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம். இப்போதாவது கேள். சார்ட்டில் ஒருத்தி என்று இருந்த ஷிப்டில் வார்டில் இரண்டு பேர் இருந்தோம், சில நாள் மூன்று பேர். லீவு நாளிலும் வந்து வேலை செய்தோம். சார்ட்டில் இருப்பதை எழுதச் சொன்னாய், எழுதினோம். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று மனசாரச் சொல்ல முடியாது. ஒருமுறை கேட்டாய், நான் எரிந்து விழுந்தேன். ஆனால் எண்ணுவதற்காக ஒரு மனுஷனின் முதுகை அழுகவிட எங்களால் முடியவில்லை, அம்மா. அது ஒரு தப்பா?

உன் அண்ணன் உனக்கு ஏதோ எழுதியிருக்கிறார் என்று உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படியானால் உனக்கு முன்பே தெரியுமா? மாற்றி எழுது. நாங்கள் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம், என்ன தண்டனை வந்தாலும் வரட்டும்.

அண்ணி

ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டதா? நினைப்பெல்லாம் அங்கேதான். எதனால் வந்த காய்ச்சல் என்று எழுதவில்லையே.

பதில் எழுத உட்கார்ந்து எத்தனையோ தாளைக் கிழித்துவிட்டேன். அண்ணன் எழுதியதைப் படித்தபோது எனக்கு அது பாசமாகத்தான் தெரிந்தது. அதற்குள் இருந்த கணக்கு தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிந்துகொள்ள மனமில்லையா என்று இப்போது நீங்கள் கேட்டால் திணறுவேன்.

திருத்தினால் ஆய்வே செல்லாது. சார்ட்டை மீறியதற்காக உங்கள் மூவர்மேலும் விசாரணை வரும். அடுத்த மாதம் என் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. அது முடியட்டும், அண்ணி. முடிந்த மறுநாளே நானே நேரில் போய்ச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் சொல்லுங்கள், போட்டோ எடுக்கப் புதுச் சட்டை தைத்தாயிற்று.

அன்புடன்,
நாத்தனார்

அக்டோபர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கை வரவில்லை. சாப்பிடுகிறீர்களா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

அண்ணனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு வந்ததிலிருந்து இந்த அறையில் எதையும் தொடவில்லை. வாய்மொழித் தேர்வுக்குப் போகவில்லை. ஆய்வைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். யார் எப்போது கூடுதலாக நின்றீர்கள் என்று ராக்கெட் சிஸ்டர் சொன்னதையெல்லாம் சேர்த்து மேலிடத்துக்கும் நேரில் கொண்டுபோனேன். அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டார். "சார்ட்ல இல்லாத டூட்டியை நாங்க எப்படிம்மா டூட்டின்னு எடுத்துக்கிறது? விசாரணையெல்லாம் வேண்டாம், பாவம், நல்லாத்தான் வேலை செஞ்சிருக்காங்க" என்றார். மற்றக் கிராமத்து ஆஸ்பத்திரிகளிலும் இதே எண்ணிக்கையைக் கொண்டுவர உத்தரவு அச்சாகிவிட்டதாம். நான் திரும்பப் பெற்றாலும் அவர்களிடம் இருப்பது பிரதி. காலம் கடந்துவிட்டது, அண்ணி. நீங்கள் ஜூலையில் சொன்னபோதே போயிருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அண்ணனைக் குளிப்பாட்டும்போது கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நான் தட்டியும் திறக்கவில்லை. ஏன் என்னை உள்ளே விடவில்லை?

உங்கள்,
நாத்தனார்

நவம்பர் 21

வாத்தியாரம்மாவுக்கு,

இருக்கிறேன். சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

அவர் முதுகை நீ பார்க்கக் கூடாது என்றுதான் கதவைத் திறக்கவில்லை. முதுகுக்குக் கீழே, என் உள்ளங்கை நுழைகிற அளவுக்குப் புண். காய்ச்சல் அதிலிருந்து வந்ததுதான். ஜூலையில் காய்ச்சல் கண்ட அன்று வேட்டியை மாற்றும்போதுதான் பார்த்தேன். அதுவரை ஒற்றைக் கையால் தானே மாற்றிக்கொள்கிறேன் என்று என்னை விட்டதில்லை. அதற்குள் எலும்பு வரைக்கும் போய்விட்டது. புண்ணோடு எங்கள் வார்டுக்கு வந்த ஒரே ஆள் உன் அண்ணன்.

தையல்காரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் அழுதார். "தினமும் வந்தேன் சிஸ்டர். அவர் தொட விடல. பொம்பளை நீங்க என்னைப் புரட்டுறதாவது, நானே திரும்பிக்கிறேன், போங்கன்னுட்டார். உங்ககிட்டச் சொன்னா நீங்க வேலையை விட்டுருவீங்க, தங்கச்சி படிப்பு கெட்டுடும்னு சத்தியம் வாங்கிட்டார்." இடது பக்கம் செத்த மனுஷன் எப்படித் திரும்புவார்? உணர்ச்சியும் இல்லை, வலித்திருக்காது. அதுதான் ஒரே ஆறுதல் என்று பெரிய டாக்டர் சொன்னார். ஆறுதலாம்.

நான் வீட்டுக்கு வந்து, "திருப்பினாங்களா?" என்று கேட்பேன். "ஆச்சு" என்பார். வார்டில் ஒருத்தி "ஆச்சு" என்றால் நான் நம்ப மாட்டேன், போர்வையை விலக்கிப் பார்ப்பேன். இவரை நம்பினேன். தூக்கம் கண்ணைச் சொருகியது, நம்புவது சுலபமாக இருந்தது. தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்லிச் சொல்லி என்னை அனுப்பினார். தானே வளர்ந்தது எது என்று இப்போது உனக்குத் தெரியும்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. உன்மேல் கோபம்தான். என்மேலும்தான். எல்லாரையும்விட அவர்மேல். செத்தவரிடம் சண்டை போட முடியவில்லை, அதுதான் தாங்கவில்லை.

வார்டில் மூன்று பேர் இருக்கிறோம். கண்ணாடி சிஸ்டர் மாற்றல் கேட்டிருக்கிறாள். ராக்கெட் இப்போது மெதுவாகத்தான் நடக்கிறாள். நேற்று டூட்டி முடிகிற நேரத்தில் தபால்காரரின் இடுப்பு சிவந்திருந்தது. அடுத்த ஷிப்டில் ஒருத்திதான். "கிளம்பிட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். "ஆமாங்க, என் டூட்டி முடிஞ்சுது" என்றேன். அவர் தலையாட்டினார். போர்வையை இழுத்து மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வேகமாக வந்தேன். பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போய் விரிப்புக்கு அடியில் கையைக் கொடுத்தேன். திருப்பிவிட அங்கே யாரும் இல்லை.

பனி கொட்டுகிறது. தலையை மூடிக்கொண்டு வெளியே போ.

அண்ணி